தலைப்பட்டையை மாட்டும் முன் உரிம எண்ணைக் கேளுங்கள்

மூளை அலைகளை அளந்து கவனம், களைப்பு, மன அழுத்தம் எல்லாவற்றையும் எண்ணாகக் காட்டுவதாகச் சொல்லும் தலைப்பட்டைகள் இன்று இணையக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. தில்லியின் பழைய ராஜிந்தர் நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும், வலிப்பு நோய்க்கு எய்ம்ஸ் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களும் இந்தச் சந்தைக்கு ஏற்ற இலக்கு. வாங்குபவர்கள் செய்யும் தவறும் ஒரே மாதிரிதான். பெட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். பில்லை வைத்துக்கொள்வதில்லை. செயலி கேட்கும் எல்லா அனுமதிக்கும் 'சரி' என்று தட்டுகிறார்கள். கோளாறு வந்தால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிவிட்டு, புகார் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிறுவனத்தின் அந்த எண்ணில் சொன்னது எந்த அலுவலகத்திலும் புகார் ஆகாது.

இந்தக் கருவிகளின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். உச்சந்தலையில் கிடைக்கும் மூளையின் மின்னழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 100 மைக்ரோவோல்ட். கண் சிமிட்டினாலே அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஒரு அலை எழும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம், மூளையின் பீட்டா அலைகள் இருக்கும் அதே அதிர்வெண்ணில் வந்து கலக்கும். பீட்டா கூடினால் 'கவனம் கூடுகிறது' என்று கணக்கிடும் செயலிக்குப் பல்லைக் கடிப்பவரும் படிப்பாளியாகத் தெரியலாம். நடப்பவர், ஓட்டுபவர், வேலை செய்பவர் என்றால் கழுத்துத் தசையும் மின்முனை நழுவுவதும் வேறு சேரும். உடல் அசையும்போது மூளையைப் படமெடுப்பது எத்தனை கடினம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியும் சேர்ந்து, தலையை அசைத்துக்கொண்டே மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் தலைக்கவசத்தை 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டன. மூளையின் காந்தப்புலத்தைவிடப் பூமியின் காந்தப்புலம் கோடிக்கணக்கான மடங்கு வலியது. அதனால் அந்தக் கவசத்தை அணிந்தவர் தனியே காந்தக் கவசமிட்ட அறைக்குள், மிச்சப் புலத்தையும் கம்பிச் சுருள்களால் அழித்த இடத்தில்தான் அசைய முடிந்தது. அதையும் மெட்ரோவில் நின்றபடி மாட்டும் பட்டையையும் ஒரே வகையாகக் காட்டி விற்பது வியாபாரத் துணிச்சல்.

மென்பொருள் இரைச்சலை வடிகட்டிவிடுமே என்று கருவி செய்பவர்கள் சொல்வார்கள். ஓரளவு வடிகட்டும், மறுக்கவில்லை. எங்கே வடிகட்ட முடியவில்லை என்பதைக் கருவி ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் என் கேள்வி. நேர்மையாக வடிவமைத்த கருவியில் அசைவை அளக்கும் உணரி இருக்கும், மின்முனை தோலைத் தொடுகிறதா என்று காட்டும் வசதி இருக்கும், கெட்டுப்போன பகுதியை 'மதிப்பிட இயலவில்லை' என்று விட்டுவிடும். மருத்துவமனையில் நோயாளி உடலோடு அணிந்து செல்லும் இஇஜி எனும் மூளை மின்னலைப் பதிவை நரம்பியல் மருத்துவர் அலை அலையாகப் பார்த்து, அசைவால் வந்ததை ஒதுக்குகிறார். சந்தைப் பட்டையோ 72 என்றோ 85 என்றோ ஒரு எண்ணை நீட்டுகிறது. மூல அலையைத் தராத கருவியின் எண்ணை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். மருந்தை நிறுத்தாதீர்கள் என்று இன்னொரு முறையும் சொல்கிறேன்.

இனி உரிமம். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆபத்து குறைந்த ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயம். உள்நாட்டில் செய்ததற்கு உற்பத்தி உரிம எண்ணும், வெளிநாட்டுப் பொருளுக்கு இறக்குமதியாளர் முகவரியோடு இறக்குமதி உரிம எண்ணும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்மொழியில் வேண்டாம். 'இது மருத்துவக் கருவி அல்ல, நலவாழ்வுக் கருவி' என்று பொடி எழுத்தில் பதில் வரலாம். அப்படியானால் அதே நிறுவனம் விளம்பரத்தில் வலிப்பையோ மனச்சோர்வையோ கண்டுபிடிப்பதாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, கோட்லா சாலை எஃப்.டி.ஏ. பவனில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், கர்கர்டூமாவில் உள்ள தில்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள். விளம்பரத்தில் மருத்துவம், பெட்டியில் நலவாழ்வு என்ற இரட்டை வேடத்தைப் பிடிக்கப் புகார் வரும்வரை அதிகாரிகள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. புண், சூடு, வலிப்பு போன்ற பாதிப்பு ஏற்பட்டால் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

அடுத்தது, பட்டை சேகரிக்கும் தகவல். சிலியில் முன்னாள் செனட்டர் கிடோ ஜிரார்தி தொடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எமோட்டிவ் நிறுவனத்திடம் இருந்த அவருடைய மூளைத் தகவலை அழிக்க உத்தரவிட்டது. நமக்கும் 2023-இலேயே தனிநபர் மின்தரவுச் சட்டம் வந்தது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதுவரை கையில் இருப்பது 2011-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள். உடல், மனநலம் பற்றிய தகவல் அவற்றின்படி நுண்ணிய தகவல். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நிறுவனம் அதைத் திரட்டக் கூடாது, கொடுத்த சம்மதத்தை எழுதித் திரும்பப் பெறலாம், குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அலட்சியத்தால் தகவல் கசிந்து இழப்பு நேர்ந்தால் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு அலுவலர். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்ததும் சம்மத அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு.

வேலைக்கு வைப்பவரோ பள்ளியோ பட்டையை மாட்டச் சொன்னால் என்ன செய்வது? செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், மூளை மின் அலைச் சோதனையை யார் மீதும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. பலர் இதை எல்லா இடத்துக்குமான கேடயம் என்று நினைக்கிறார்கள். அது குற்றப் புலனாய்வைப் பற்றிய தீர்ப்பு, தனியார் முதலாளிக்கு நேரடியாகப் பொருந்தாது. ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தைக் கண்டறிந்தால் உயிர் காக்கலாமே என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நோக்கத்துக்கு வண்டியிலேயே எச்சரிக்கை மணி அடித்தால் போதும், எண் மேலதிகாரியின் கணினிக்குப் போக வேண்டியதில்லை. கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியை எழுதிக் கேளுங்கள்: இந்தப் பதிவு சம்பளத்துக்கோ பணிநீக்கத்துக்கோ பயன்படாது. ஆய்வுக்காக மாட்டச் சொன்னால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும், உங்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தாளையும், சம்மதப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கட்டத்திலும் விலகலாம்.

பணத்தைத் திரும்பப் பெற, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பதிவெண்ணை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். தில்லியில் வாங்கியதற்குத் திருநெல்வேலியில் போட்டாலும் செல்லும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பில், பெட்டியின் படம், விளம்பரத்தின் படம், மின்னஞ்சல்கள் ஆகிய நான்கையும் இணையுங்கள். காலவரம்பு 2 ஆண்டு. தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது.