ஓடைப் புறம்போக்கு: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

2015 நவம்பர் 9. நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையம், விசூர் கிராமங்களில் திடீர் வெள்ளம் புகுந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர் மாவட்டத்தை மீண்டும் மூழ்கடித்தது. மழையை யாரும் நிறுத்த முடியாது. தண்ணீர் போகும் வழியை அடைக்காமல் வைத்திருக்க முடியும். அது உள்ளாட்சியின், வருவாய்த் துறையின், நீர்வளத் துறையின் கடமை. செய்தீர்களா என்று கேட்பது மக்களின் உரிமை.

கெடிலக் கரையில் பண்ருட்டியோடு ஒட்டியிருக்கும் திருவதிகைக்குப் பொது இடத்தைப் பேணும் பேச்சு புதிதல்ல. திலகவதியார் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்த வீரட்டானேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. அவருடைய தம்பி திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கப் பெற்றதும் இங்கேதான். உழவாரப் படையோடு புல்லும் புதரும் செதுக்கிய அவர் கைத்தொண்டை நினைத்து இன்றும் அடியார் குழுக்கள் கோயில்களில் உழவாரப்பணி செய்கின்றன. ஊருக்குப் பொதுவான மற்ற நிலங்களைப் பேணும் பணியோ சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அரசியலமைப்பின் 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பணிகளைப் பதினோராவது அட்டவணை சொல்கிறது. நில மேம்பாடு, மண்வளப் பாதுகாப்பு, சிறுபாசனம், சமூகக் காடு வளர்ப்பு, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர், துப்புரவு, பூங்கா, சுடுகாடு, தெருவிளக்கு ஆகியவை அதில் அடங்கும். ஆகவே கழிவுநீர்க் கால்வாயைத் தூர்வாருவது கவுன்சிலர் காட்டும் சலுகையல்ல.

பொறுப்பு பல அலுவலகங்களில் பிரிந்து கிடப்பதால் மக்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள். ஆறும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறையிடம் உள்ளன. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும். தெருவும் தெருவோரக் கால்வாயும் நகராட்சி அல்லது ஊராட்சியைச் சேரும். புறம்போக்கு நிலத்தின் பதிவேடு வட்டாட்சியர் (தாசில்தார்) அலுவலகத்தில் இருக்கிறது. மனு தவறான மேசைக்குப் போனால் மாதங்கள் வீணாகும்.

எனவே முதலில் புல எண் வேண்டும். அரசின் இணையவழி நிலப்பதிவேட்டில் அந்த எண்ணைக் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரம் கிடைக்கும். நிலம் பட்டாவா, ஓடைப் புறம்போக்கா, வண்டிப்பாதையா, மந்தைவெளியா என்பது அதில் தெரியும். புல வரைபடத்தில் ஓடையின் அகலத்தைப் பார்க்கலாம். தரையில் ஓடை அதைவிடச் சுருங்கியிருந்தால் அளவீடு செய்யக் கோரி வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். அரசு நில ஆக்கிரமிப்புகளை அகற்ற 1905ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முன்பு பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது. பொது நிலங்களை வளைத்தவர்களுக்கே அவற்றை வரன்முறைப்படுத்திக் கொடுக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது.

மனை வாங்குவோருக்கு இதில் நேரடி ஆபத்து இருக்கிறது. விலை குறைவு என்று ஓடையோர மனையை வாங்கிவிட்டுப் பிறகு பட்டாவுக்கு அலைபவர்கள் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ‘அ’ பதிவேட்டையும், நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் தந்த மனைப்பிரிவு வரைபடத்தையும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொது வெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித்தர வேண்டும். அந்தப் பொது வெளியை யாராவது மனையாக விற்க வந்தால் அது உங்கள் தெருவின் சொத்து என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் நிதி கேட்க இன்னொரு வழியும் உண்டு. சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் உரிமத்தொகையைக் கணக்கிட்டு அதற்கு மேல் ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செல்ல வேண்டும். 2015இல் வந்த ஏற்பாடு இது. பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்விக்கு இந்த நிதியில் முன்னுரிமை தரப்பட வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு செலவானது என்று கிராம சபையில் கேட்கலாம். நிலம் தொடர்பான இழப்பை நீதிமன்றமும் கவனிக்கிறது. 2023இல் வளையமாதேவியில் சுரங்கக் கால்வாய்ப் பணிக்காக விளைந்து நின்ற பயிர்கள் அழிக்கப்பட்டபோது, ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கேட்பதற்கு இடங்கள் இருக்கின்றன. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருவதிகை போன்ற நகராட்சிப் பகுதிகளில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராமல் தீர்மானமாக எழுதச் செய்து நகல் கேளுங்கள்.

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தை நாடலாம். உள்ளாட்சி ஊழலென்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவம் இருக்கிறது. ஆறும் ஏரியும் கெடுக்கப்பட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே வழக்குப் போட பொதுவாக ஆறு மாதமே கெடு. அதனால் புகைப்படம், தேதி, புல எண் மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தூர்வாரும் கோரிக்கையை ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே வையுங்கள். நகராட்சியில் இருப்பவர்கள் அந்த மாதத்திலேயே வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள்.