குளிர் யாத்திரைக்கு தெர்மல்: காசை எங்க போடணும், எங்க மிச்சம் பிடிக்கணும்?



சித்திரை பொறந்துட்டா நம்ம பெரிய காஞ்சிபுரத்துல ரெண்டு விஷயம் சூடு பிடிக்கும். ஒண்ணு, காந்தி ரோட்டுல முகூர்த்தப் பட்டு வியாபாரம். இன்னொண்ணு, வடக்கே யாத்திரை போற பேச்சு. அட்சய திருதியையை ஒட்டி கேதார்நாத், பத்ரிநாத் நடை திறக்கும். தீபாவளி முடிஞ்சதும் கேதார்நாத் நடையையும், கொஞ்ச நாள்ல பத்ரிநாத் நடையையும் சாத்திடுவாங்க. இந்த ஆறு மாசத்துக்குள்ள போயிட்டு வரணும்னு வருஷக்கணக்கா காசு சேர்த்து வச்சவங்க நம்ம தெருவுலயே நிறைய பேர் இருப்பாங்க.

டூர் பேக்கேஜுக்கு நாலு இடத்துல விசாரிப்பாங்க, ரயிலா ஃப்ளைட்டான்னு கணக்கு போடுவாங்க. ஆனா குளிருக்கு போடுற துணியை மட்டும் கிளம்புறதுக்கு முந்தின வாரம் அவசர அவசரமா வாங்குவாங்க. கனமான ஜாக்கெட் ஒண்ணு, "தெர்மல்"னு அட்டைப்பெட்டியில எழுதியிருக்கிற வெள்ளை செட் ஒண்ணு, முடிஞ்சுது கதை. காசு பெரும்பாலும் ஜாக்கெட்டுக்குப் போயிடும். தோலை ஒட்டி இருக்கிற துணி என்னன்னு யாரும் திருப்பிப் பாக்குறதில்ல.

இந்தப் பதிவோட சாரம் ஒரே வரிதான்: குளிர் பயணத்துக்கு ஒதுக்குற பணத்துல முதல் செலவு தோலை ஒட்டி போடுற துணிக்கு. ஜாக்கெட் அதுக்கு அப்புறம்தான். ஏன்னு பாக்கலாம் வாங்க.

குளிரை விட வேர்வைதான் வில்லன்

நம்ம ஊர் கைலாசநாதர் கோவிலுக்கு ஒரு வேட்டி சட்டையோட போயிட்டு வந்துடலாம். 1,300 வருஷத்துக்கு முன்னாடி ராஜசிம்ம பல்லவன் கட்டின கைலாயம் அது, வாசல்ல வெயில்தான் அடிக்கும். அசல் கைலாயமும் கேதாரமும் அப்படி இல்ல.

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினா வெப்பம் சராசரியா 6.5 டிகிரி குறையும். அதாவது உயரத்தால மட்டுமே சுமார் 23 டிகிரி குறைஞ்சுடும். காஞ்சிபுரத்துல 33 டிகிரின்னா அங்க 10 டிகிரி. அதோட காத்து, மழை, ராத்திரி எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க.

ஆனா கௌரிகுண்டுல இருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏறும்போது உங்களுக்குக் குளிராது. வேர்த்துக் கொட்டும்! மேல போய் தரிசன வரிசையில அசையாம நிக்கும்போதுதான் அந்த வேர்வை வேலையைக் காட்டும். தண்ணி, காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டைக் கடத்தும். பத்தாததுக்கு, துணியில இருக்கிற ஈரம் ஆவியாகும்போதும் உங்க உடம்புல இருந்துதான் சூட்டை எடுத்துக்கும். மேல எவ்வளவு கனமான ஜாக்கெட் போட்டாலும் உள்ள நனைஞ்ச பனியன் இருந்தா நடுக்கம் நிக்காது.

யூடியூப்ல "பேஸ் லேயர்"னு தேடினா அமெரிக்கா, கனடா வேட்டைக்காரங்க வீடியோதான் வரிசையா வரும். நம்ம நாட்டுல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கு. ஆனா அவங்க சொல்ற துணி விஷயம் நமக்கு அப்படியே பொருந்தும். அவங்க விடியக்காலையில வேர்க்க வேர்க்க காட்டுக்குள்ள நடப்பாங்க, அப்புறம் மணிக்கணக்கா அசையாம உட்காருவாங்க. நாம வேர்க்க வேர்க்க மலை ஏறுவோம், அப்புறம் மணிக்கணக்கா க்யூவுல நிப்போம். உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

எந்த நூல், எவ்வளவு ஈரம்?

நெசவு ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். பட்டு நூல் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து எடை கூடும்னு தறி வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் உலகப் பட்டு வர்த்தகத்துல நூலோட எடைக்கு 11% ஈரத்தைக் கணக்குல சேர்த்துக்குறாங்க. இதே மாதிரி ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பருத்திக்கு சுமார் 8.5%, கம்பளிக்கு சுமார் 16%, பாலியஸ்டருக்கு வெறும் 0.4%.

பருத்தி: விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி வேர்வையை நல்லா இழுக்கும். ஆனா விடாது. நம்ம ஊர் வெயிலுக்கு அந்த ஈரம் சுகமா இருக்கும், மலைக்குளிர்ல அதுவே ஆபத்து. "100% காட்டன் தெர்மல்"னு இருந்தா வீட்டுல தூங்கும்போது போட்டுக்கலாம், மலை ஏற வேண்டாம்.

பாலியஸ்டர்: நூல் தண்ணியை உறிஞ்சாது. நூலுக்கு நடுவுல இருக்கிற நுண்ணிய இடைவெளி வழியா வேர்வை வெளிப்பக்கம் நகர்ந்து, அங்க பரவிக் காஞ்சுடும். விலை குறைவு, சீக்கிரம் காயும், அடிச்சுத் துவைக்கலாம். ஒரே குறை, ரெண்டு நாள் துவைக்காம போட்டா நாத்தம் வரும்.

மெரினோ கம்பளி: இது நம்ம கறுப்புக் கம்பளி மாதிரி குத்தாது, இழை ரொம்ப மெலிசு. தன் எடையில சுமார் 30% ஈரத்தை உள்ள வாங்கினாலும் தோலுக்கு ஈரமா தெரியாது. ஈரமா இருந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும். நாலஞ்சு நாள் போட்டாலும் நாத்தம் அதிகம் வராது. விலைதான் ஜாஸ்தி.

பட்டு: நம்ம ஊர்ப் பதிவுல இதை விட்டா எப்படி! பின்னலாடையா செஞ்ச பட்டு தெர்மல் உலகச் சந்தையில இருக்கு. மெலிசா இருக்கும், தோலுக்கு இதமா இருக்கும், சூடும் கொடுக்கும். ஆனா பாலியஸ்டர் அளவுக்கு சீக்கிரம் காயாது, நனைஞ்சா நூலோட வலுவும் குறையும், விலையும் அதிகம். வண்டியிலயே போயிட்டு வர்ற பயணத்துக்கு சரி. வேர்த்து ஏறுற பயணத்துக்கு முதல் தேர்வு இல்ல. வீட்டுல இருக்கிற பட்டுப்புடவை, பட்டுவேட்டி வேற கதை. அது நெய்த துணி, இழுவை கிடையாது, உடம்பை ஒட்டாது. கோவில்ல பட்டு உடுத்தணும்னு ஆசைப்பட்டா உள்ள தெர்மல் போட்டு மேல கட்டிக்கோங்க.

"ஊலன்"னு சொன்னா நம்பிடலாமா?

"தெர்மல்"ங்கிறது ஒரு நூலோட பேர் இல்ல. பெட்டிமேல பெரிய எழுத்துல இருக்கிறதை விடுங்க. உள்ள தச்சிருக்கிற சின்ன லேபிள்ல எந்த நூல் எத்தனை சதவீதம்னு பாருங்க. பருத்தி பாதிக்கு மேல இருந்தா மலைக்கு வேண்டாம்.

கம்பளின்னு சொல்லி அதிக விலைக்கு வாங்கினா, நம்ம ஊர்ல பட்டுக்குப் பண்ற அதே சோதனைதான். உள்தையல் ஓரத்துல இருந்து துணியோட இழை கொஞ்சம் வெட்டி எடுங்க. தையல் நூலை எடுத்துடாதீங்க, அது வேற நூல். இடுக்கியில பிடிச்சு, கீழ ஒரு தட்டு வச்சு கொளுத்திப் பாருங்க. முடி கருகின வாசனை வந்து, சாம்பலைத் தேய்ச்சா பொடிஞ்சா கம்பளி. உருகி கெட்டியான மணி மாதிரி ஆனா பாலியஸ்டர் மாதிரி செயற்கை நூல். ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா கலப்பு. கலப்பு தப்பில்ல, ஆனா அதுக்கு சுத்தக் கம்பளி விலை கொடுக்கக் கூடாது.

கனத்தையும் பாருங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு அர்த்தம். 150 பக்கம் இருந்தா மெலிசு, 200 நடுத்தரம், 250 கனம். நடந்து ஏறுறவங்களுக்கு 150–200 போதும். குதிரை, டோலி, ஹெலிகாப்டர்ல போறவங்களுக்கு வேர்வை குறைவு, குளிர் அதிகம். அவங்களுக்கு 200–250.

அளவு உடம்போட ஒட்டி இருக்கணும், இறுக்கக் கூடாது. தொளதொளன்னு இருந்தா வேர்வையை இழுக்காது. போட்டுட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மேல தூக்கிப் பாருங்க. முதுகு வெளிய தெரிஞ்சா ஒரு சைஸ் பெருசா எடுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

கீழ இருக்கிறது ஒரு மாதிரிக் கணக்கு. கடைக்குக் கடை விலை மாறும், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. ஒரு ஆளுக்கு:

- பாலியஸ்டர் தெர்மல் 2 செட் (ஒண்ணு உடம்புல, ஒண்ணு பையில காஞ்சபடி): ரூ.2,800
- ஃப்ளீஸ் மேலாடை 1: ரூ.900
- மழைக்கோட்டு 1: ரூ.700
- குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ்: ரூ.600

மொத்தம் ரூ.5,000. அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் ரூ.10,000. கனமான ஜாக்கெட் தேவைப்பட்டா வாடகைக்குக் கிடைக்குதான்னு முதல்ல கேளுங்க. மறுபடி காஞ்சிபுரத்துல போடவே முடியாத ஒரு பொருளை 4,000 ரூபாய்க்கு வாங்கி பீரோவுல பூட்டி வைக்கிறது முதலீடு ஆகாது.

மெரினோ வாங்கலாமா? செட் 6,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 10 நாள் யாத்திரைக்கு மட்டும்னா நாளைக்கு 600 ரூபாய். 1,400 ரூபாய் பாலியஸ்டர் செட்டுக்கு நாளைக்கு 140 தான். அதே அம்மா அப்பா டொராண்டோவுல இருக்கிற பையன் வீட்டுக்குப் போய் குளிர்காலத்துல 100 நாள் போட்டா, மெரினோ நாளைக்கு 60 ரூபாய்க்கு வந்துடும். எத்தனை நாள் போடுவீங்கங்கிறதுதான் விலையை முடிவு பண்ணும், ஸ்டிக்கர் இல்ல.

ஜிஎஸ்டியும் கவனிங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரைக்கும் 5%, அதைத் தாண்டினா 18%. வரிக்கு முன்னாடி விலை 2,500ங்கிற மெரினோ சட்டை வரியோட 2,625. விலை 2,600னா வரியோட 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் பில்லுல 443 ரூபாய் ஆகுது!

எப்ப வாங்குறது? ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்தா நடை திறந்து ரெண்டு மூணு மாசம் ஓடிடும். வட இந்தியாவுல குளிர் முடியுற பிப்ரவரி, மார்ச் மாசத்துல குளிர்காலச் சரக்கைக் கடைகளும் ஆன்லைன் தளங்களும் தள்ளிவிடும். நம்ம யாத்திரை சீசன் அதுக்கு அப்புறம்தான் தொடங்குது. பத்து மாசம் முன்னாடியே மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டா, இந்த 10,000 கையில ரெடியா இருக்கும். கிரெடிட் கார்டு இஎம்ஐ எதுக்கு?

மானசரோவர், முக்திநாத் போறவங்களுக்கு ஒரு குறிப்பு. தமிழக அரசு இந்து சமய அறநிலையத்துறை வழியா மானசரோவருக்கு 50,000, முக்திநாத்துக்கு 20,000 ரூபாய் வரைக்கும் மானியம் அறிவிச்சிருக்கு. யாத்திரையை முடிச்சுத் திரும்பினவங்களுக்குத்தான் அது கிடைக்கும், ஆட்கள் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கு. அதனால துணிச் செலவை அந்தப் பணத்தை நம்பி வைக்காதீங்க. கிளம்பும்போது உங்க பணம்தான்.

மலையில எப்படிப் போடணும்?

நடக்க ஆரம்பிக்கும்போது லேசாக் குளிரணும். அப்பவே கதகதன்னு இருந்தா அரை மணி நேரத்துல வேர்வையில நனைஞ்சுடுவீங்க. ஏறும்போது தெர்மல், ஃப்ளீஸ் போதும். உட்காரும்போது மேல இன்னொண்ணு போடுங்க. மேல போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ரூம்லயோ டென்ட்லயோ ஈரத் தெர்மலைக் கழட்டி, காஞ்ச செட்டைப் போடுறது. பத்ரிநாத் தப்த குண்டத்துல வெந்நீர்க் குளியல் போட்டாலும் தலையை நல்லாத் துவட்டி, காஞ்ச துணி போட்டுட்டுத்தான் வெளிய வரணும்.

தெர்மலுக்குள்ள காட்டன் பனியன், புடவைக்குள்ள காட்டன் பாவாடை போட்டா வாங்கின தெர்மல் வீண். பாவாடைக்குப் பதிலா தெர்மல் பேன்ட், அதுக்கு மேல புடவை கட்டிக்கலாம். சுடிதார் இன்னும் வசதி, கீழ் ஓரம் நனையாது.

இது வெறும் சௌகரியத்துக்காக சொல்லல. உடம்போட உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ போனா உயிருக்கே ஆபத்து. விடாத நடுக்கம், குழறுற பேச்சு, தடுமாறுற நடை, குழப்பம், இதுல எது தெரிஞ்சாலும் ஈரத் துணியைக் கழட்டி, காஞ்ச துணி சுத்தி, பக்கத்துல இருக்கிற மருத்துவ முகாமுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுங்கிட்டு இருந்தவர் குழப்பத்தோட நடுக்கத்தை நிறுத்திட்டார்னா சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, அது இன்னும் மோசமான அறிகுறி. உயரத்தால வர்ற மூச்சுத்திணறல், தலைவலிக்கு எந்தத் தெர்மலும் மருந்தில்ல. பிபி, சுகர், இதயப் பிரச்சனை இருக்கிறவங்க டாக்டரைப் பாத்துட்டுத்தான் டிக்கெட்டே போடணும்.

திரும்பி வந்ததும்

பாலியஸ்டரைச் சாதாரணமாத் துவைக்கலாம். ஆனா வாசனைக்காக ஊத்துற துணி கண்டிஷனர் வேண்டாம், அது இழைமேல படிஞ்சு வேர்வை நகர்றதைக் கெடுக்கும். மெரினோவுக்கு பட்டுக்குப் பண்ற அதே பக்குவம்தான்: பூந்திக்கொட்டை தண்ணி, முறுக்காம பிழியுறது, நிழல்ல காய வைக்கிறது, பூச்சி அரிக்காம மூடி வைக்கிறது. இது நம்ம ஊர் வீடுகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பத்திரமா இருந்தா அடுத்த வருஷம் அண்ணன் குடும்பம் போகும்போது அதே செட்டைக் கொடுக்கலாம். ரெண்டு குடும்பம் போட்டா செலவு பாதி!

இந்த வருஷம் வீட்டுல யாராவது வடக்கே கிளம்புறாங்கன்னா, அவங்க பையில இருக்கிற தெர்மலோட லேபிளை இன்னிக்கே ஒரு தடவை திருப்பிப் பாருங்க. மேல சொன்ன கணக்கை வச்சு ஒரு வீடியோவும் நம்ம சேனல்ல வருது, உங்க பட்ஜெட்டைப் போட்டுப் பாத்துக்கோங்க.