ரிப்பேரா... எக்ஸ்சேஞ்சா? கவுஞ்சியில் ஒரு துப்பாக்கிக் கணக்கு!

செல்போன் கீழே விழுந்து ஸ்க்ரீன் தெறிச்சா என்ன பண்ணுவோம்? சர்வீஸ் சென்டர்ல ரேட் கேப்போம். அவங்க சொல்ற தொகையைக் கேட்டு மயக்கம் வந்தா, 'பழசைக் கொடுத்துப் புதுசு' ஆஃபர் எங்கே ஓடுதுன்னு தேடுவோம். பைக், லேப்டாப், வீட்டு மிக்ஸி எல்லாத்துக்கும் இதே ஃபார்முலாதான். ஆனா பழுதான பொருள் ஒரு துப்பாக்கியா இருந்தா?

சிரிக்காதீங்க பாஸ்! கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போனால் வருகிற கவுஞ்சியில் இது நிஜமான வீட்டுப் பிரச்னை. படி படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அது விளைகிற மேல்மலை இதுதான். வயல் முடிகிற இடத்தில் காடு. இருட்டினால் காட்டுமாடு வரும், பன்றி வரும். பன்றி பூண்டைத் தின்னாதுன்னு ஒரு கட்சி, தின்னாட்டியும் பாத்தியையே உழுது போட்டுடும்னு இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் ராத்திரி தூங்குவதில்லை என்பது மட்டும் உறுதி.

இந்த ஊரில் என் பெரியப்பா வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருக்கு. ஒற்றைக்குழல், 12 போர். ரொம்ப நாள் சும்மா கிடந்ததை எடுத்து, மாட்டை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டிருக்கார். சத்தம் வழக்கம்போல 'டப்' என்று வராமல் 'தொம்' என்று வந்திருக்கு. காலையில் பார்த்தால் குழல் நுனிக்கு ஒரு சாண் கீழே, பாம்பு எலியை முழுங்கின மாதிரி லேசான வீக்கம். அதிர்ச்சியில் கட்டையிலும் கைப்பிடி பக்கம் கீறல். "குளவி கூடு கட்டியிருக்கும்டா தம்பி, நான் குழலுக்குள்ள பாக்காம விட்டுட்டேன்" என்கிறார். "நீ மெக்கானிக்கல் படிக்கிறேல்ல, சொல்லு... இத சரி பண்றதா, குடுத்துட்டு வேற வாங்கறதா?"

மூணாவது வருஷப் படிப்புக்கு இப்படியொரு வைவா வரும்னு யார் கண்டது!

முதலில் இரும்புக் கணக்கு. 12 போர்னா 12 மில்லிமீட்டர் இல்லை. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும், அதனால் 12. குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர்னா ஒரு பவுண்டுக்கு 20 உருண்டை, அதாவது குழல் இன்னும் ஒல்லி. (இதனால் ஒரு கொடூரமான விபத்தும் நடக்கும். 20 போர் தோட்டாவைத் தெரியாமல் 12 போரில் போட்டால் அது உள்ளே நழுவிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெடிக்கலையேன்னு பின்னாடி ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். அமெரிக்காவில் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் கலர் கொடுத்தது இதுக்காகத்தான்.)

தோட்டா வெடிக்கும்போது பின்பக்க அறையில் எவ்வளவு அழுத்தம் தெரியுமா? சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கிற உச்சம் 740 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்! அதனால்தான் பின்பக்கம் குழல் தடிமனா இருக்கும். குண்டுகள் நுனியை நெருங்குவதற்குள் அழுத்தம் சில பத்து பாருக்கு இறங்கிவிடும். எனவே நுனிப் பக்கம் சுவரை மெல்லிசா இழைச்சிருப்பாங்க. நம்ம 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பரில் வருமே ஹூப் ஸ்ட்ரெஸ், அழுத்தம் இன்ட்டு ஆரம் பை தடிமன்... அதேதான் இங்கேயும். தடிமன் பாதியானால் ஸ்ட்ரெஸ் ரெட்டிப்பு.

இப்போ அந்த மெல்லிசான இடத்தில் காய்ந்த மண் அடைச்சிருக்குன்னு வைங்க. வேகமா வர்ற ஈயக்குண்டுகள் மண்ணில் மோதித் தடுமாறும். பின்னாலேயே வர்ற வாயு அங்கே குவியும். அந்த ஓர் இடத்தில் மட்டும் அழுத்தம் எகிறும். இரும்பு தாங்கினவரை தாங்கி, யீல்ட் பாயின்ட்டைத் தாண்டி வீங்கிவிடும். வெடித்துச் சிதறாமல் வீக்கத்தோடு நின்றது பெரியப்பாவின் நல்ல நேரம். இடது கை அங்கேதான் பக்கத்தில் இருந்திருக்கும்.

"தட்டி உள்ள தள்ளிட்டா?" என்றார். தள்ளலாம், பார்க்க வழவழன்னு ஆயிடும். ஆனால் வீங்கினபோது மெலிந்துபோன சுவர் திரும்பத் தடிமன் ஆகாது. இழுபட்ட இரும்பு பழைய குணத்துக்கும் வராது. பிரிட்டிஷ் துப்பாக்கி வியாபாரத்தில் குழலின் மெல்லிய இடத்துக்குக்கூட 20 தவு, அதாவது அரை மில்லிமீட்டராவது தடிமன் இருக்கணும்னு ஒரு வழக்கு உண்டு. அதுக்குக் கீழே போனால் கை வைக்கவே யோசிப்பாங்க.

எல்லாப் பழுதும் இப்படி இல்லை. கட்டையில் கீறலா? தாராளமா ரிப்பேர். மரம்தானே, ஒட்டலாம், மாற்றலாம். ஊசி தேய்ஞ்சுபோச்சா, ஸ்பிரிங் உடைஞ்சதா? சின்ன வேலை. குழலில் வெளியில் இருந்து இடிபட்டு நசுங்கல் மட்டும் இருந்தால், உள்ளே அளவான உலோகக் கட்டையை விட்டு வெளியே மெல்லத் தட்டி எழுப்புவாங்க. கைதேர்ந்தவர் செய்தால் சரியாகிவிடும். மேல்மலைப் பனிக்கும் ஈரத்துக்கும் வருகிற லேசான துருவையும் தேய்ச்சு எடுத்துடலாம். குழலுக்குள் குழி குழியாக அரித்திருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, தோட்டா அறைக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தாலோதான் ஆபத்து. அங்கே ரிப்பேர் செலவைப் பார்ப்பதா, விரலைப் பார்ப்பதா?

பெரியப்பாவிடம் இன்னொரு ஐடியாவும் இருந்தது. "வீங்கின இடத்துக்குக் கீழேயே ரம்பத்தால அறுத்து எறிஞ்சுட்டா?" இரும்புக் கணக்குப்படி இது தப்பில்லாத யோசனை! நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கியிருக்கும் 'சோக்' போய்விடும், குண்டு சீக்கிரம் பரவும், அவ்வளவுதான். ஆனால் அங்கேதான் அடுத்த கணக்கு வந்து நிற்குது.

பேப்பர் கணக்கு

1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தை இன்டர்ன்ஷிப் புண்ணியத்தில் படித்தேன். நம்ம செமஸ்டர் புத்தகங்களை விட விறுவிறுப்பு. அதன் 6-வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது குற்றம். ரம்பம் காலி. 5-வது பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவருக்கும் தனி லைசென்ஸ் வேணும். அதாவது டிராக்டர் பார்ட்ஸை அச்சு அசலாகக் கடைஞ்சு கொடுக்கிற கெட்டிக்கார லேத்துக்காரர் இதைத் தொட்டால் அவரும் உள்ளே, கொடுத்தவரும் உள்ளே. குழலில் இருக்கிற நம்பரை அழிக்கக் கூடாது. பழைய இரும்புக் கடையிலும் போட முடியாது. சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம்.

எக்ஸ்சேஞ்ச் மட்டும் என்ன சுலபமா? துப்பாக்கியை விற்கப் போகிறேன் என்று மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழியணும். பதிலுக்கு வாங்குகிற துப்பாக்கி லைசென்ஸில் ஏறணும். போனில் சிம் கார்டை உருவி மாட்டுகிற கதை கிடையாது.

சரி, பழசைத் தலை முழுகிவிட்டு, தேவைப்பட்டால் பிறகு புது லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாமே? பயிரைக் காக்க, வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரச் சட்டத்தின் 13-வது பிரிவில் வழி இருக்கு. அது போதாதென்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேறு துப்பாக்கிக்கும் தரலாம். ஆனால் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு குறுக்கே நிற்குது. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன்சம்மதம் இல்லாமல் புது ஆயுத லைசென்ஸ் கிடையாது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. மேல்மலை ஊர்களுக்கு இந்த 10 கிலோமீட்டர் கணக்கு சுளையாகப் பொருந்தும். ஆக, பெரியப்பா வீட்டில் விலை மதிப்புள்ள பொருள் துப்பாக்கி இல்லை. பீரோவில் வேட்டி மடிப்புக்குள்ள இருக்கிற அந்த லைசென்ஸ் புக்!

இதையெல்லாம் குடகுக்காரர்களிடம் சொன்னால் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவாங்க. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம் என்று ஒரு விலக்கு பிரிட்டிஷ் காலத்தில் இருந்து இருக்கு. 2019-ல் அதை மத்திய அரசு இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டியது. கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூப்போட்டுக் கும்பிடுவாங்க. நாம ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறதோடு சரி.

எதைச் சுட?

இவ்வளவு பாடுபட்டு மாற்றினால் அந்தத் துப்பாக்கியை வைத்து என்ன செய்யலாம்? காட்டுமாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்குச் சுட்டால் சட்டம் கேட்கும். கேரட்டுக்கு ஆபத்து என்றால் கேட்காது. பன்றியை யார் சுடலாம் என்பதற்கு 2025-ல் தமிழக அரசு ஓர் ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும். காடும் வயலும் ஒட்டிக் கிடக்கிற கவுஞ்சிக்கு இதில் எந்த வரிசை என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் அந்த 12 போர், கவர்மென்ட் பதிவு பெற்ற ஓர் அதிர்வேட்டு. அவ்வளவுதான்.

பெரியப்பாவின் மகன், என் அண்ணன், இதைத்தான் பிடித்துக்கொண்டான். "சத்தம்தானே வேணும்? டின்னத் தட்டுங்க. அந்தக் காசுல சோலார் வேலி போடலாம்." அதுக்கும் பதிவு இருக்கு அண்ணே, 2023-ல் மின்வேலிக்குத் தனி விதிகளே வந்தாச்சு என்றேன். முறைத்தான். பெரியப்பா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "உங்க தாத்தா ராத்திரி தனியா மேட்டு வயலுக்குப் போவாரு. இது தோள்ல இருந்தா போவாரு, இல்லாட்டி போகமாட்டாரு. சுட்டதே கிடையாது" என்றார். அண்ணன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவன். ராத்திரி மேட்டு வயலுக்குப் போகப்போவது அவன் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டார்கள், சொன்னேன். குழலைத் தட்டி எடுத்துத் திரும்பச் சுடுவது கூடவே கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. கட்டையை ஒட்டி, உத்தரத்தில் அழகுக்கு மாட்டி வைக்கவும் வேண்டாம். ஏன்னா வீட்டில் தோட்டா இருக்கு, எவனாவது ஒருநாள் போட்டுப் பார்ப்பான். லைசென்ஸ் உள்ள கடையில் காட்டி, குழல் தேறாது என்று எழுத்தில் வாங்கி, அதை வைத்து மாற்ற அனுமதி கேட்கலாம். மாற்றினால் புதுசா இரட்டைக்குழல் எல்லாம் வேண்டாம், இன்னொரு ஒற்றைக்குழலே போதும். திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 12 போரில் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி செய்திருக்கு, ஆனா பன்றியை மிரட்ட அது ஓவர். அனுமதி கிடைக்கும்வரை பழசு வீட்டில் கிடக்க வேண்டாம்.

அண்ணனுக்கு இது பாதித் தோல்வி, பெரியப்பாவுக்குப் பாதி வெற்றி. கடைக்காரர் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். வீக்கம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. நிமிர்ந்து தலையை மட்டும் ஆட்டினார். அங்கேயே ஒப்படைத்து, ரசீது வாங்கி, கலெக்டர் ஆபீஸுக்கு மனு போட்டாச்சு. "நம்பர் எழுதினியா? குழல்ல இருக்கிற நம்பரும் புக்ல இருக்கிற நம்பரும் ஒண்ணுதானே, நல்லாப் பாரு" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூணு தடவை கேட்டார் பெரியப்பா.

பதில் இன்னும் வரவில்லை. பூண்டு பிடுங்க மூணு வாரம் இருக்கு. மேட்டு வயலுக்கு இப்போ ரெண்டு பேராகப் போகிறார்கள், ஒருத்தர் கையில் டார்ச், இன்னொருத்தர் கையில் எண்ணெய் டின்.