அடும்பு படர்ந்தால் மேடு உயரும்

காட்டுத் தீ அடங்கியதும் அனுபவமுள்ள தாவரவியலாளர்கள் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. மண்ணுக்குள் எந்த விதை பிழைத்திருக்கிறது, எந்த வேர் மறுபடி துளிர்க்கிறது என்று முதல் மழை வரை பார்த்திருப்பார்கள். அந்த மண்ணுக்கு உரிய செடி எது, அது வரும் பருவம் எது என்று தெரிந்த பிறகுதான் நடவு.

கடலோர ஊரான காரைக்கால்மேட்டில் காடு இல்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறி இறங்கிய கரைகளில், அடுத்த சில வாரங்களில் தெரிந்தது ஏறக்குறைய தீப்பட்ட நிலத்தின் கோலம்தான். மா, வாழை, முருங்கை என்று இலைகள் கருகி நின்றன. வேரைச் சுற்றி உப்பு மிகுந்துவிட்டால், ஈரம் இருந்தும் செடியால் நீரை உறிஞ்ச முடியாது. உள்ளே போகும் சோடியமும் குளோரைடும் இலை ஓரங்களில் சேர்ந்து திசுவைக் கொல்லும். பனையும் தென்னையும் பெரும்பாலும் தாங்கின. மணல் நிலத்தில் உப்பு வெகுநாள் தங்காது. 2005இல் வடகிழக்குப் பருவமழை அளவுக்கு மிஞ்சிப் பெய்ததும் அதைக் கழுவ உதவியது.

மழை செய்த வேலை அது. மனிதர் செய்த வேலையில்தான் எனக்கு வருத்தம். சோழமண்டலக் கரையின் பல இடங்களில் ‘உயிர்க்கேடயம்’ என்ற பெயரில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு நம் கரைக்கு உரிய மரமல்ல; 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பரப்பப்பட்டது. வேகமாக வளரும், விலையும் போகும். உள்நிலத்தில் ஒரு விவசாயி அதைப் பயிராக வைத்தால் நான் குறை சொல்லமாட்டேன். அலைவாய்க்கு அருகே வைப்பதுதான் தவறு. அதன் சருகு மெத்தையாக விழுந்து மூடினால் கீழே கொடியும் புல்லும் எழும்பாது. தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்குத் திறந்த மணல் வேண்டும். சவுக்கு வரிசை அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

மரம் அலையைத் தடுக்குமா என்பதிலேயே ஆய்வாளர்கள் மோதிக்கொண்டார்கள். கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த குழு ஒன்று, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பறங்கிப்பேட்டை வட்டாரத்துச் சிற்றூர்கள் 18ஐ வைத்து வந்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது. 2006இல் வேறு ஆய்வாளர்கள் அந்த 18 ஊர்களின் கணக்கையே மறுபடி போட்டுப் பார்த்தார்கள். உயிரிழப்பில் இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்ற இரண்டே காரணம் போதும் என்று வந்தது.

இந்த மறுப்பைப் படித்துவிட்டுச் செடியால் பயனில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. எனக்கு அது நேர் எதிராகத் தெரிகிறது. மணற்கரையில் மேட்டை உண்டாக்குவதே செடிதான்.

கொண்டல் அடிக்கும்போது கடற்கரை மணல் துள்ளித் துள்ளி உள்ளே நகரும். வழியில் ஒரு கொடி கிடந்தால், அதை ஒட்டிக் காற்றின் வேகம் தணிந்து மணல் அங்கேயே விழும். சாதாரணச் செடியாக இருந்தால் புதைந்து செத்துப்போகும். அடும்புக் கொடி சாகாது. மூடிய மணலுக்கு மேலே தலை நீட்டி, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும். மறுபடி மணல் சேரும், மறுபடி அது மேலேறும். இராவணன் மீசைப் புல்லும் இப்படித்தான். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்பந்து முற்றியதும் ஒடிந்து, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதையைப் பரப்பும். இந்த இரண்டும் வாழும் கரையில் யாரும் ஒரு கூடை மண் கொட்டாமலே மேடு உயரும்.

அந்த மேட்டுக்கு அடியில் குடிநீரும் இருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடிநீர் அறிவியலின் பழைய கணக்கு. மேட்டை வெட்டி மணல் அள்ளினால் இழப்பது மணலை மட்டுமல்ல.

நடவுக்கு வருவோம். அடும்பு விதையின் தோல் கெட்டி. கடலில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உள்ளே முளை பத்திரமாக இருக்கும். மணலில் உரசித் தோல் தேய்ந்த பிறகுதான் நீர் இறங்கும். தீ அடிக்கடி வரும் காடுகளில் பல விதைகளுக்கு இதே வேலையைச் சூடு செய்கிறது. விதைக்காகக் காத்திருக்க முடியாவிட்டால், மூன்று நான்கு கணு உள்ள கொடித் துண்டுகளை வெட்டி, கணுக்கள் புதையும்படி ஈரமணலில் பதித்தால் போதும். காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அந்த முதல் ஈரத்தில் வேர் பிடித்தால்தான் அடுத்த கத்திரி வெயிலைத் தாண்டும். ஆனியில் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியே கை ஓய்ந்துவிடும்.

பனைக்குக் காலம் சற்று முன்பே. ஆடி, ஆவணியில் பழம் விழும்போது கொட்டையை நேரடியாக ஊன்ற வேண்டும். பனங்கொட்டை முதலில் இலை விடுவதில்லை. முளையை ஆழத்துக்குத்தான் இறக்குகிறது. பையில் வளர்த்து இடம் மாற்றினால் அந்த முளை அடிபடும்.

வரிசையும் முக்கியம். கடலை ஒட்டி அடும்பும் புல்லும், மேட்டின் பின்சரிவில் தாழை, அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, பனை. கழிமுகத்தின் உவர்த்தாழ்வில் உமரி தானே வரும், அதைத் தொடவேண்டாம். படகு ஏற்றி இறக்கவும் வலை காயப்போடவும் வழி விட்டே நடவேண்டும். அந்த வழி எங்கே என்பதை ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லட்டும். அதிகாரிகள் வரைபடத்தில் கோடு போட்டால் கன்று நிற்காது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் மணல்மேடுகளை முதல் வகைப் பாதுகாப்புப் பகுதியில் வைத்திருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு மேட்டைக் கட்டிக் காக்கும் கொடிக்கும் வேண்டும். கடற்கரையைச் ‘சுத்தம்’ செய்யும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நெகிழியைப் பொறுக்குங்கள், கொடியைப் பிடுங்காதீர்கள். மரக்கன்று விழா வைப்பதானால் ஐப்பசியில் வையுங்கள். முதல் வரிசையை அடும்புக்கு விடுங்கள்.