புழுக்கக் காற்றில் தனி ஓட்டம்

சென்னை குரோம்பேட்டையின் கோடைக் காற்று கனமானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மே மாதப் புழுக்கத்தில் மூச்சு முட்டும்போது வேறு எப்படித் தோன்றும்? ஆனால் இயற்பியல் கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. சூடேறினால் காற்று விரியும். ஈரம் கூடினாலும் அது இலேசாகும்; நீர் மூலக்கூறின் எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி மூலக்கூறு எடையோ ஏறக்குறைய 29. ஐரோப்பாவின் 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால், நம் ஊரின் 35 டிகிரி ஈரக்காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அடர்த்தி குறைந்தது.

இந்த 7 சதவீதத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருபவர்கள் சைக்கிள் டைம் டிரையல் வீரர்கள். சாதாரண சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு தெம்பை மிச்சப்படுத்தலாம். டைம் டிரையலில் அதற்கு வழியில்லை. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். முன்னால் போனவரை எட்டிப் பிடித்தாலும் அவர் நிழலில் ஒதுங்கக் கூடாது. முழுத் தூரமும் காற்றைத் தானே கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாக ஏறுகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவர் 50-ஐ எட்ட நினைத்தால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் செலவிட வேண்டும். நன்றாகக் குனிந்து ஓட்டத் தெரிந்த வீரருக்கு அந்த வேகத்தில் சுமார் 350 வாட் போதும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு 700 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு திறனில் ஒரு மணி நேரம் ஓட்டிய மனிதர் இன்றுவரை இல்லை. ஆகவே இந்த விளையாட்டில் கால் பலத்துக்குச் சமமான இடம் முதுகின் வளைவுக்கும் உண்டு.

1989 டூர் டி பிரான்ஸ் அதை உலகுக்குக் காட்டியது. கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரன் ஃபீன்யோனைவிட 50 வினாடி பின்தங்கியிருந்தார். கைகள் இரண்டையும் நெருக்கி முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும் புதுவகை ஹேண்டில்பாரோடு கிளம்பினார். ஃபீன்யோன் வழக்கமான ஹேண்டில்பாரில், தலைக்கவசம்கூட இல்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். மூன்று வாரப் பந்தயத்தை லெமாண்ட் 8 வினாடியில் வென்றார். ஒரு குழாயின் வளைவு கோப்பையைக் கைமாற்றிவிட்டதாகவே நான் நம்புகிறேன்.

டைம் டிரையலையே வாழ்க்கையாகத் தேர்ந்தெடுத்த இந்தியர்களில் முக்கியமானவர் நவீன் ஜான். அமெரிக்காவில் பொறியியல் படிக்கப் போன இடத்தில் சைக்கிள் பிடித்துப்போய், இந்தியா திரும்பி பெங்களூரைத் தளமாக்கிக்கொண்டு, தேசிய டைம் டிரையல் பட்டத்தைப் பலமுறை வென்றவர். 2016 அக்டோபரில் கத்தாரின் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவரும் இன்னோர் இந்தியரான அரவிந்த் பன்வாரும் டைம் டிரையல் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய கான்டினென்டல் அணி ஒன்றில் நவீன் இடம்பிடித்தார். தோஹாவில் 40 கிலோமீட்டரை ஜெர்மனியின் டோனி மார்ட்டின் 45 நிமிடத்துக்குள் முடித்துத் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் பாலைவன வெக்கை பெரிய பேச்சாக இருந்தது; பெண்கள் அணி டைம் டிரையலில் நெதர்லாந்து வீராங்கனை ஒருவர் வெயில் தாக்கித் தடுமாறி விழுந்தார்.

இங்கேதான் காற்று தந்த சலுகையை வெயில் பிடுங்கிக்கொள்கிறது. மனித உடல் எரிக்கும் ஆற்றலில் பெடலுக்குப் போவது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மீதி உடம்புச் சூடாகிறது. 300 வாட் தரும் வீரருக்குள் ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் உருவாகிறது. உடம்புக்குள் ஓர் இஸ்திரிப்பெட்டி ஓயாமல் எரிவது போல. அந்த வெப்பத்தை வியர்வையால் மட்டுமே தணிப்பதென்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சென்னையில் வியர்வை சொட்டித் தரையில் விழுகிறது. விழுந்த துளி எந்தச் சூட்டையும் எடுத்துப் போவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் இல்லை, ஆனால் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது.

இதற்கு உடம்பே ஒரு விடை வைத்திருக்கிறது. பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து சூட்டில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். குளிர்நாட்டு வீரர்கள் இதற்காகவே சூடேற்றிய அறைக்குள் நிறுத்திய சைக்கிளை மிதிக்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கத்திரி வெயிலோடு இலவசமாகவே வருகிறது.

வயதைப் பற்றியும் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக்கில் டைம் டிரையல் தங்கம் வென்றார். மூன்றாவது தங்கம், அவருடைய 43-வது பிறந்த நாளுக்கு முதல் நாள். இருபத்தைந்தில் தொடங்கினாலும் இதில் காலம் கடந்துவிடவில்லை.

காற்றைப் படிக்க நம் பகுதியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சி.ராஜம் 1949-இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) இங்கேதான் இருக்கிறது, அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்தது அங்கேதான். இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று கற்பிக்கும் அதே சமன்பாடுகள்தான் சைக்கிள் வீரரின் முதுகுக்கும். அந்த முதுகின் காற்றுத்தடையை அளக்க, ஆளையும் சைக்கிளையும் சேர்த்து நிறுத்தப் பெரிய காற்றுச் சுரங்கம் வேண்டும், அது செலவு பிடிக்கும் விஷயம். ஆனால் ராபர்ட் சங் என்பவர் வகுத்த முறைக்குச் சுரங்கமே வேண்டாம். பெடல் திறனை அளக்கும் கருவி ஒன்றும், வண்டி நடமாட்டமில்லாத சுற்றுப்பாதை ஒன்றும் இருந்தால் போதும். பிரேக் தொடாமல் பல சுற்று ஓட்டி, திறனையும் வேகத்தையும் வைத்துச் சாலையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் கிளம்பிய இடத்திலேயே முடிவதால், கணக்கில் வரும் உயரமும் தொடங்கிய அளவுக்கே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்வரை காற்றுத்தடை எண்ணை மாற்றிக்கொண்டே போனால், அந்த வீரரின் உண்மையான எண் கிடைத்துவிடும். பிறகு ஹேண்டில்பாரை இரண்டு சென்டிமீட்டர் இறக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். எம்.ஐ.டி. மாணவர் இருவரும், கால் பலமுள்ள உள்ளூர்ப் பெண்ணோ பையனோ ஒருவரும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைத் தொடங்கிவிடலாம்.