‘சிட்லின் சர்க்யூட்’: பன்றிக்குடலின் பெயரில் ஓர் இசைப்பாதை



இன ஒதுக்கலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பெரும்பாலும் ரோசா பார்க்ஸின் பேருந்து, மார்ட்டின் லூதர் கிங்கின் உரை ஆகிய இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குள் மக்கள் அன்றாடம் எப்படிப் பிழைத்தார்கள், எங்கே ஆடிப்பாடினார்கள், அதில் யார் கைக்குக் காசு வந்தது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். அமெரிக்காவின் ‘சிட்லின் சர்க்யூட்’ அதற்கு நல்ல விடை.

முதலில் பெயர். ‘சிட்லின்’ என்றால் பன்றிக்குடல். அடிமை முறைக் காலத்தில் நல்ல இறைச்சி எஜமானர் வீட்டுக்குப் போகும். குடலும் காலும் காதும் அடிமைகளுக்கு. அதையே பலமுறை கழுவி, மணிக்கணக்கில் வேகவைத்துத் தங்கள் உணவாக்கிக்கொண்டார்கள் கறுப்பின மக்கள். பிற்காலத்தில், கறுப்பினக் கலைஞர்கள் கறுப்பின மக்களுக்காக நிகழ்ச்சி நடத்திய கிளப்புகள், நடன அரங்குகள், சாலையோர மதுக்கடைகள் எல்லாவற்றையும் இணைத்த பாதைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கேலியும் பெருமையும் கலந்த பெயர்.

ஏன் தனிப்பாதை? 1896-இல் ‘பிளெசி எதிர் பெர்குசன்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், “தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்” என்ற பொருளில் தீர்ப்பளித்தது. சமமா இருந்துச்சா? இல்லவே இல்லை. தென் மாநிலங்களில் பள்ளி, இரயில், உணவகம், கழிவறை என எல்லாமே பிரிக்கப்பட்டன. நியூயார்க்கின் அப்போலோ, வாஷிங்டனின் ஹோவர்ட் போன்ற பெரிய அரங்குகளில் பாடியவருக்கும், மிசிசிப்பியின் சிற்றூர்களில் படுக்க இடம் கிடைக்காது. காரிலேயே தூங்க வேண்டும். அல்லது கறுப்பினக் குடும்பம் ஒன்று வாடகைக்கு விடும் அறையைத் தேட வேண்டும். விக்டர் கிரீன் என்ற ஹார்லெம் தபால்காரர் 1936-இல் வெளியிடத் தொடங்கிய ‘கிரீன் புக்’, எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் கையேடு. இப்படி ஒரு புத்தகம் தேவைப்பட்டது என்பதே அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

இப்போது தொழிலுக்கு வருவோம். இங்கேதான் பலர் கவனிக்காத செய்தி இருக்கிறது. இந்தச் சுற்று தானாக முளைத்தது அல்ல; கணக்குப் போட்டுக் கட்டப்பட்ட வணிகம். இண்டியானாபொலிஸ் நகரின் டென்வர் பெர்குசன் ஓர் அச்சகக்காரர். 1940களின் தொடக்கத்தில் தம்பியோடு சேர்ந்து நிகழ்ச்சி முகவர் நிறுவனம் நடத்தினார். சுவரொட்டியும் நுழைவுச்சீட்டும் சொந்த அச்சகத்திலேயே அச்சாகி ஊர் ஊராகப் போகும். அந்தந்த ஊரில் ஒரு கறுப்பின வியாபாரி அவற்றை ஒட்டி, விற்று, அரங்கு பிடித்து வைப்பார். இசைக்குழு வந்து ஓர் இரவு வாசித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். சீட்டுக் காசு மட்டுமா? சாப்பாடு, மது, தங்கும் அறை, முடிவெட்டும் கடை என அந்த ஒரே இரவில் தெருவே சம்பாதிக்கும். மெம்பிஸில் பீல் தெரு, நாஷ்வில்லில் ஜெபர்சன் தெரு, ஜாக்சனில் பாரிஷ் தெரு எல்லாம் இப்படி வளர்ந்தவைதான்.

உழைப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் எண். கிட்டார் மேதை பி.பி. கிங் 1956-இல் மட்டும் 342 ஓரிரவு நிகழ்ச்சிகள் வாசித்தார். அது லீப் ஆண்டு. மிச்சம் 24 நாள். கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்கவும்!

ஆபத்தும் கூடவே வந்தது. 1949-இல் ஆர்கன்சாவின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் கிங் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுவே மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த பீப்பாயை, சண்டையிட்ட இருவர் தட்டிவிட்டார்கள்; கட்டடம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடிய கிங், கிட்டாரை விட்டுவிட்டோமே என்று மீண்டும் உள்ளே ஓடி எடுத்து வந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்தது. தம் கிட்டாருக்கே அந்தப் பெயரை வைத்தார். இனி இப்படி முட்டாள்தனம் செய்யக்கூடாது என்ற நினைவூட்டலாம்!

எல்லா இரவும் சிரித்துச் சொல்லும் கதையாக முடியவில்லை. 1940 ஏப்ரல் 23, மிசிசிப்பியின் நாச்செஸ் ஊர், ‘ரிதம் கிளப்’. சிகாகோவின் வால்டர் பார்ன்ஸ் குழு வாசித்தது. தென் மாநிலச் சிற்றூர்களில் சுற்றிச் சுற்றி வாசித்ததோடு, அந்த அனுபவத்தைச் ‘சிகாகோ டிபெண்டர்’ பத்திரிகையில் எழுதியும் வந்தவர் இந்த பார்ன்ஸ். அன்று கூரையில் அலங்காரத்துக்குக் காய்ந்த பாசிக்கொடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காசு கொடுக்காமல் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சன்னல்களைப் பலகையால் அடைத்திருந்தார்கள். தீப்பற்றியதும் ஓடுவதற்கு முன்வாசல் ஒன்றுதான். 209 பேர் இறந்தார்கள். பார்ன்ஸும் அவர் குழுவில் பெரும்பாலோரும் அதில் அடக்கம்.

இசைக்கு என்ன ஆனது? இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்தது. பதினைந்து, இருபது பேர் கொண்ட குழுவை ஊர் ஊராக ஏற்றிப்போவது கட்டுப்படியாகவில்லை. லூயி ஜோர்டன் போன்றோரின் சிறு குழுக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆள் குறைந்தாலும் சத்தம் குறையக்கூடாது. கூட்டம் ஆட வேண்டும். அதனால் தாளம் கனத்தது, சாக்சபோன் கத்தியது, மின்கிட்டார் முன்னுக்கு வந்தது. பின்னாளில் ‘ராக் அண்ட் ரோல்’ என்று உலகம் கொண்டாடிய இசைக்கு இந்தச் சிறிய மேடைகளும் ஒரு பட்டறை. லிட்டில் ரிச்சர்ட், ஜேம்ஸ் பிரவுன், ரே சார்ல்ஸ் எல்லாரும் இங்கே தேறியவர்கள்.

மாணவர்களே, எடுத்துக்காட்டு தரும்போது ஓர் எச்சரிக்கை. பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் கார் விபத்தில் இறந்தபோது, வெள்ளையர் மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்பியதால்தான் இறந்தார் என்ற செய்தி பரவியது. இன்றும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். உண்மையில் அவரை நேராக கிளார்க்ஸ்டேல் ஊரின் கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணமே அன்றைக்கு யாருக்கும் வந்திருக்காது. யோசித்துப் பாருங்கள், வதந்தியைவிட இது கடுமையாக இல்லையா? அதே கட்டடம் 1944 முதல் ‘ரிவர்சைட் ஹோட்டல்’ ஆகி, சுற்றில் வந்த இசைக்கலைஞர்களுக்கு அறை கொடுத்தது.

1961-இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில், இன அடிப்படையில் பிரிக்கப்பட்ட நடன அரங்கில் பாட மாட்டேன் என்று ரே சார்ல்ஸ் மறுத்தார். 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. வெள்ளையர் அரங்குகளின் கதவு திறந்தது. பெரிய பெயர்கள் பெரிய மேடைக்குப் போனார்கள், ரசிகர்களும் அங்கே போனார்கள். சிற்றூர்க் கிளப்புகள் வெறிச்சோடின. அதோடு, நாஷ்வில்லில் ஜெபர்சன் தெருப் பகுதியை வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போனது. மெம்பிஸில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் பீல் தெருவைச் சுற்றி இடித்தார்கள். ஆக, ஒதுக்கல் ஒழிந்ததன் பலனும் இழப்பும் ஒரே பத்தியில் வர வேண்டிய செய்திகள். ஒன்றை மட்டும் எழுதினால் கட்டுரை பாதிதான்.

சில இடங்கள் தப்பின. மிசிசிப்பியின் இண்டியனோலாவில் 1940களின் இறுதியில் தொடங்கிய ‘கிளப் எபனி’ அவற்றில் ஒன்று. உலகப் புகழ் பெற்ற பிறகும் பி.பி. கிங் ஆண்டுதோறும் அந்த ஊருக்கு வந்து, திறந்தவெளியில் ஊராருக்கு வாசித்துவிட்டு, இரவில் இந்தக் கிளப்புக்குப் போவார். 2008-இல் அதை அவரே விலைக்கு வாங்கிக்கொண்டார்.