ஒரு பெயரும் பல இனமும்

கல்லடிப் பாலத்தைப் பற்றிப் பேசுவோர் பாடுமீனைப் பற்றிப் பேசாதிரார். நிலாக்காலத்து நள்ளிரவில் மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து எழும் அவ்வின்னொலியைக் கேட்டோர் சிலர். கேட்டதாகக் கூறுவோர் பலர். அதே வாவிக்கரையிலே, பொழுது சாயும் வேளையிற் செவியருகே வந்து இசைக்கும் மற்றொரு பாடகியும் உண்டு. அவளைக் கேளாதார் இவ்வூரில் ஒருவரும் இலர். ஆயினும் அந்நுளம்பு இன்ன இனத்தது என்று சொல்லவல்லார் மிகச் சிலரே. நுளம்பு நுளம்புதானே, அதற்கு இனமென்ன, பெயரென்ன என்று வினவுதல் இயல்பு. அவ்வினாவுக்கு விடை காண்பதற்குள் இலங்கையிலே பல்லாயிரம் உயிர்கள் மாண்டன.

1897ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 20ஆம் நாள், செக்கந்தராபாத்திலே இராணுவ வைத்தியராயிருந்த றொனால்ட் றொஸ் என்பார் ஒரு நுளம்பின் இரைப்பையிலே மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மருத்துவ வரலாற்றிலே பெருநாள் அது. எனினும் தாம் அறுத்துச் சோதித்த நுளம்பின் பெயர் யாதென அவர் அறியார். சிறகிலே புள்ளியுடையது, நரைநிறமுடையது, வரியுடையது என்று தம் கண்ணுக்குத் தோன்றியவாறே நுளம்புகளை வகுத்து வைத்திருந்தார். ஒட்டுண்ணியைக் கொண்டிருந்தது புள்ளிச்சிறகு நுளம்பு. மறு ஆண்டிலே இத்தாலிய விலங்கியலறிஞர் கிராசி, மனிதருக்கு மலேரியாவைக் கடத்துவது அனோபிலிசு என்னும் சாதியே என்று திட்டமாக உரைத்தார். றொசுக்குக் கிட்டாத திட்பம் கிராசிக்குக் கிட்டியது அவர் நுளம்புகளின் பெயரறிந்தவராயிருந்தமையாலேயே. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்குரியது என்று இருவரிடையே மூண்ட வழக்கு அவர்கள் வாழ்நாள் முழுதும் ஓயவில்லை. அவ்வழக்கு இங்கு வேண்டுவதன்று.

பெயரறிதல் என்பது வெறுஞ் சொல்லறிதலன்று. சுவீடன் நாட்டு லினேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்தே விலங்குகளின் இருசொற் பெயர்கள் கணிக்கப்படுகின்றன. முதற்சொல் சாதியையும் இரண்டாஞ்சொல் இனத்தையும் குறிக்கும். அனோபிலிசு என்ற சாதிப்பெயரை 1818ஆம் ஆண்டில் மெய்கென் என்பார் இட்டார். கிரேக்க மொழியிலே அதற்குப் 'பயனற்றது' என்று பொருள். புதிய இனமொன்றைக் கண்டதாகக் கருதும் அறிஞர், அதன் உறுப்புக்களை வருணித்து, அதற்கு மிக நெருங்கிய முன்னறியப்பட்ட இனங்களினின்றும் அஃது எவ்வாறு வேறுபடுகின்றது எனக் காட்டி, பெயரிட்டு, வெளியிடல் வேண்டும். அத்துடன் தாம் வருணித்த உடலையே மூலமாதிரியாக நூதனசாலை ஒன்றிலே வைத்தலும் வேண்டும். பின்னாளில் ஐயம் எழுமாயின், அம்மூலமாதிரி எவ்வினத்ததோ அவ்வினத்துக்கே பெயர் உரியது. வருணனையிற் பிழை நேரலாம். மாதிரி பொய் சொல்லாது.

இம்முறையிலே இன்றும் புதிய உயிர்கள் ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இராமேசுவரத்தில் அனுமார் கோயிற் சோலையிலே வாழ்ந்த பெருஞ்சிலந்தி ஒன்று 2004ஆம் ஆண்டில் அக்கோயிலின் பெயராலேயே அனுமவிலாசுமிக்கா என வழங்கப்பெற்றது. பின்னர் அது மன்னாரிலும் காணப்பட்டது. வன்னியிலே, மாங்குளத்தை அடுத்த பகுதியிற் கண்ட மற்றொரு பெருஞ்சிலந்திக்கு, ஆய்வாளருக்கு உதவிய பொலிசு அதிகாரி ஒருவரின் பெயர் 2012ஆம் ஆண்டிற் சூட்டப்பட்டது. உள்ளங்கையினும் பெரிய உயிரை வேறுபிரித்தறிதல் ஒப்பீட்டளவில் எளிது. நெல்மணியினுஞ் சிறிய நுளம்பை அறிதலே அரிது.

றொசின் கண்டுபிடிப்பின் பின்னர், ஆங்கில ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்தெல்லாம் நுளம்புகளைச் சேகரித்து இலண்டன் நூதனசாலைக்கு அனுப்புமாறு குடியேற்ற நாட்டமைச்சு பணித்தது. அவற்றை ஆராய்ந்து தியோபால்ட் என்பார் 1901ஆம் ஆண்டு முதலாக ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். சிறகின் நரம்புகளிலே வெண்செதிலும் கருஞ்செதிலும் அமைந்த ஒழுங்கு, உறிஞ்சுகுழலின் இருமருங்குமுள்ள உணர்தண்டின் வெள்வளையங்கள், காற்கணுக்களின் நிறம் முதலியனவே இனத்தின் அடையாளங்களாயின. அதே 1901ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த கைல்சு என்பார் ஓரினத்துக்கு அனோபிலிசு கியூலிசிபேசீசு எனப் பெயரிட்டார். 'கியூலெட்சு நுளம்பின் தோற்றமுடையது' என்பது அதன் பொருள். ஏனைய அனோபிலிசு நுளம்புகள் பின்புறத்தை உயர்த்திச் சாய்ந்து அமர, இது சாதாரண நுளம்பைப்போற் கிடையாக அமர்வது. அதன் பெயரே ஒரு மயக்கத்தின் பதிவு எனலாம்.

இலங்கையிலே மலேரியாவைப் பரப்பும் தலையாய நுளம்பு இக்கியூலிசிபேசீசே என்பதை இங்கு பூச்சியியலறிஞராய்ப் பணியாற்றிய காட்டர் என்பார் 1920களில் நிறுவினார். அது நன்னீரிலே, சிறப்பாக ஆறு வற்றும் காலத்து மணற்படுகையில் எஞ்சும் தெளிந்த குட்டைகளிலே பெருகுவது. 1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் வற்றாத ஈரவலயத்து ஆறுகள் குட்டைகளாய்ச் சுருங்கின. நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935ஆம் ஆண்டிலும் ஏறக்குறைய 80,000 பேர் மடிந்தனர். உலகப்போரின் பின்னர் டி.டி.ரி. மருந்து வீடுகளிலே தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். பகை அழிந்ததெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட, 1969ஆம் ஆண்டிலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது.

இவ்வளவுக்கும் காரணமான நுளம்பு ஓரினமா என்னும் வினா 1980ஆம் ஆண்டில் எழுந்தது. கிறீன், மைல்சு என்னும் இரு அறிஞர் கியூலிசிபேசீசு நுளம்பின் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தனர். முட்டை பாதி முதிர்ந்த நிலையிலுள்ள பெண் நுளம்பின் சூலகத்திலே பருத்த நிறமூர்த்தங்கள் உள. அவற்றிலே குறுக்குப் பட்டைகள் வரிசையாய்த் தோன்றும். சிலவற்றில் அவ்வரிசையின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. நேர்வரிசையுடையதும் தலைகீழ் வரிசையுடையதும் தம்முட் கூடின், அவற்றின் மகவிலே தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இருவரிசையும் சேர்ந்து, இணையும் இடத்திலே ஒரு வளையம் தோன்றுதல் வேண்டும். ஒரே ஊரிலே இருவகையும் ஒருங்கு வாழ்ந்தும் அவ்வளையமுடைய நுளம்பு காணப்படவில்லை. எனவே அவை ஒன்றோடொன்று கூடுவதில்லை என்பது போதரும். ஒன்றோடொன்று கூடி மகப்பெறாதன வேற்றினமன்றோ? புறத்தோற்றத்திலே அணுவளவும் வேறுபாடில்லாத இவற்றை உடன்பிறப்பினங்கள் என்பர். இவற்றுக்கு 'ஏ', 'பீ' என எழுத்துக்களே பெயராயின. பின்னர் 'சீ'யும் 'டீ'யும் சேர்ந்தன.

இவற்றுள் 'பீ' இனம் இந்தியாவிலே பெரும்பாலும் மாட்டின் குருதியை நாடுவது. மலேரியாவைக் கடத்தும் ஆற்றல் குன்றியது. இலங்கையிலே ஆராய்ந்தபோது இங்குள்ளதும் 'பீ' இனமே என்று தெரிந்தது. இஃதொரு பெரும் புதிராயிற்று. அங்கே தீங்கற்றதாய் ஒழுகும் இனம் இங்கே 80,000 பேரைக் கொன்றது எங்ஙனம்?

புதிரை அவிழ்த்தது இராமேசுவரம். அத்தீவிலும் 'பீ' இனமே உண்டென எண்ணியிருந்தும் மலேரியா ஓயாதிருந்தது. ஆய்வாளர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. ஆண் நுளம்புக்கே உரிய வை நிறமூர்த்தம் அங்கு இருவடிவாய் இருந்தது. சிலவற்றில் அதன் இடுக்கு ஏறக்குறைய நுனியிலும் சிலவற்றில் நடுவை அடுத்தும் அமைந்திருந்தது. கடிப்பதும் நோய் பரப்புவதும் பெண் நுளம்பு. அடையாளமோ ஆணிலன்றிப் பெண்ணில் இல்லை. ஆதலின் பிடிபட்ட பெண் நுளம்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே முட்டையிடச் செய்து, அக்குடம்பிகளை வளர்த்து, ஆண்மக்களின் நிறமூர்த்தத்தைப் பார்த்தே தாயின் இனத்தை அறிய வேண்டியதாயிற்று. மலேரியா ஒட்டுண்ணியைச் சுமந்த தாய்மாரின் மைந்தரிடம் இரண்டாம் வடிவமே இருந்தது. அவ்வினத்துக்கு 'ஈ' என்று பெயரிட்டனர். ஆங்கில நெடுங்கணக்கின் அடுத்த எழுத்து, தமிழிலே வேறொரு பூச்சிக்குப் பெயராயமைந்தது தற்செயலே.

இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள கடல் மிகக் குறுகியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எஸ். என். சுரேந்திரனும் அவருடன் உழைத்தோரும் 2000ஆம் ஆண்டில், இலங்கையிலும் 'பீ', 'ஈ' என்னும் ஈரினமும் உள, மலேரியாவுக்குரியது 'ஈ'யே என்று காட்டினர். காட்டர் கண்ட பகைவனுக்கு முக்கால் நூற்றாண்டின் பின்னரே உண்மையான அடையாளம் கிடைத்தது.

இனி வாவிக்கரைக்கு மீளலாம். மட்டக்களப்பு வாவியின் நீர் ஒருபடித்தாய் நிற்பதில்லை. வடகீழ்ப் பருவமழையிலே வெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டுண்டபோது ஒருவிதம். கோடையிலே கடல்நீர் கலந்து உவர்ப்பேறியபோது மற்றொரு விதம். கல்லடியை அடுத்து உப்போடை என்றே ஓரிடம் உண்டு. பெயரிட்ட முன்னோர் நீரைச் சுவைத்தறிந்தோரே. இத்தகைய உவர்நீரில் மலேரியா நுளம்பு வாழாது என்பது நெடுநாள் நம்பிக்கை. கரையோரத்திலே மிகுதியாய்க் காணப்பட்ட மற்றோர் அனோபிலிசு, 1899ஆம் ஆண்டிற் கிராசி பெயரிட்ட சப்பிக்ரசு என்பதாகும். இதுவும் ஓரினமன்று. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியை அடுத்த ஊர்களிலும் ஆராய்ந்த சுகுணா முதலியோர் 1994ஆம் ஆண்டில் இதனை நான்காகப் பகுத்தனர். அவர் கொண்ட அடையாளம் முட்டையிலுள்ளது. அனோபிலிசின் முட்டை தனித்தனியே நீரில் மிதப்பது. அதன் இருபக்கமும் காற்றடைத்த மிதவை உண்டு. அம்மிதவையின் வரம்புகளை எண்ணினால் 'ஏ' இனத்தில் 31 முதல் 36 வரையும், 'சீ'யில் 25 முதல் 29 வரையும், 'டீ'யில் 21 முதல் 24 வரையும், 'பீ'யில் 16 முதல் 20 வரையும் இருக்கும். அரை மில்லிமீற்றர் அளவினதாகிய முட்டையிலே வரம்பெண்ணும் பொறுமை போற்றற்குரியது. கரையோரத்து உவர்நீரில் வாழ்வது 'பீ' இனம் எனக் கொள்ளப்பட்டது.

ஆயின் இப்பகுப்பிலும் ஒரு மறைவு இருந்தது. சுரேந்திரன் குழுவினர் இலங்கைக் கரையோரத்து நுளம்புகளின் டி.என்.ஏ. வரிசையை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, சப்பிக்ரசு 'பீ' என முட்டைவரம்பு கொண்டு துணியப்பட்ட நுளம்புகள் உண்மையிலே சுண்டைக்கசு என்னும் வேறோர் இனக்கூட்டத்தைச் சேர்ந்தவை. சுண்டைக்கசு தென்கீழாசியக் கரைகளிலும் அந்தமான், நிக்கோபார்த் தீவுகளிலும் மலேரியாவைக் கடத்துவதிற் பேர்போனது. அது இலங்கையில் உண்டென்று எவரும் கருதவில்லை. அதே 2010ஆம் ஆண்டிலே, நன்னீருக்குரியதென்ற கியூலிசிபேசீசும் இலங்கைக் கரையோரத்து உவர்நீரிலே பெருகுவதை இக்குழுவினர் கண்டனர். இவ்வாய்வுகளிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்டனர்.

இதனாற் பயன் யாதெனின், நுளம்பு ஒழிப்பு முழுவதும் இனமறிவையே பற்றி நிற்பது. ஆற்றுக் குட்டையிலே மருந்திடுவோர் வாவிக்கரைப் பள்ளத்தை விடுவர். வீட்டுச் சுவரிலே தெளிக்கும் மருந்து, கடித்தபின் சுவரில் அமரும் நுளம்பைக் கொல்லுமேயன்றி வெளியே மரநிழலில் ஒதுங்குவதைத் தீண்டாது. ஓரினம் மருந்தைத் தாங்கப் பழகியிருக்க, அதன் உடன்பிறப்பினம் அதே மருந்தில் மடியலாம். இரண்டையும் ஒரு பெயரால் எண்ணுவோருக்குக் கணக்கு என்றும் பிழைக்கும்.

எழுத்துப்பெயரே போதுமா, முறைப்படி இலத்தீன் பெயர் வேண்டாவா என்று வினவலாம். ஆபிரிக்காவிலே 'எம்' வடிவமென வழங்கிய நுளம்புக்கு 2013ஆம் ஆண்டிலே கொலுற்சியை என்னும் முழுப்பெயர் கிடைத்தது. கியூலிசிபேசீசு கூட்டத்தவை இன்னும் எழுத்துக்களாகவே நிற்கின்றன. கைல்சு பெயரிட்டது ஐந்தில் எதற்கு என்பதைப் புறத்தோற்றத்தால் துணியமுடியாமை இதிலுள்ள முதல் இடர். கோயிற் சோலையின் சிலந்திக்கு முழுப்பெயரும், அதே இராமேசுவரத்தில் அறியப்பட்ட கொல்லுயிருக்கு ஓரெழுத்தும் வாய்த்தமை விந்தையே. மறுபுறம், வேறுபாடு கண்டவிடமெல்லாம் இனம் வகுத்தலும் தவறாம். 1937ஆம் ஆண்டிலே சுவீற், ராவ் என்போர் முட்டைவரம்பு கொண்டு வேறுபடுத்திய சிரீபென்சி நுளம்பின் வகைகள் தனியினங்களாகக் கொள்ளப்படவில்லை.

அச்சிரீபென்சி இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பு. இலங்கையிலே உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டு ஒக்டோபருடன் அற்றது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் நாடு மலேரியா நீங்கியதெனச் சான்றளித்தது. அவ்வாண்டு முடிவதற்குள், திசெம்பரிலே, மன்னார்த் தீவின் கிணறுகளில் சிரீபென்சியின் குடம்பிகள் கண்டெடுக்கப்பட்டன. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அவை காணப்பட்டன. அள்ளிய குடம்பியை 'ஏதோ நுளம்பு' என்று கொட்டிவிடாது, வளர்த்து, சிறகின் செதிலைப் பார்த்தவர் இருந்தமையாலேயே அது தெரியவந்தது.

பழைய மலேரியாப் பதிவேடுகளிலே கரையோர ஊர்களுக்கு நேரே சப்பிக்ரசு என்று எழுதப்பட்டிருக்குமிடங்களில் எது சப்பிக்ரசு, எது சுண்டைக்கசு என்பதைப் பதிவு மட்டும் கொண்டு இனிப் பிரித்தறிதல் இயலாது. நுளம்பின் உடலும் பேணப்பட்டிருந்தால் மட்டுமே திருத்தம் உண்டு. ஆதலாற் சேகரிப்போர் ஊசியிற் குத்திய நுளம்பின் கீழே ஒரு சிறு காகிதத்துண்டைச் செருகுவர். எடுத்த இடம், நாள், நீர் நன்னீரோ உவர்நீரோ என்பது, எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் அதிலே மையினால் எழுதப்படும். இனப்பெயரை அத்துண்டிலே எழுதுவதில்லை. அது மாறக்கூடியதாதலின் வேறொரு துண்டிலே எழுதுவர்.